இருங்கோ என்றதும் நின்றவர்

பஸ் நிலையத்து மான்களைப் பார்த்து ஒருவர் வாயைப் பிளந்தால் அவர் வெளியூர். வாயைப் பிளந்ததோடு போனையும் தூக்கினால் வெளிநாடு. அந்த அம்மா இரண்டையும் செய்தார். எங்கள் குச்சவெளி பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் ஒரு மான் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்றது.

"ஏங்க, மானுங்க! பஸ் ஸ்டாண்டுல மான் நிக்குது!"

"ஓம் அம்மா, அது குச்சவெளிக்குப் போற மான். சீற் கிடைக்காட்டில் ஏறாது," என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. ஒருவேளை மெய்யாக இருக்குமோ என்பது மாதிரி மானைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். நான் சொல்வது அவரிடம் போய்ச் சேராமல் பாதி வழியில் வேறெங்கோ இறங்கிவிடுகிறது என்று அப்போதே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். படவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒன்பதாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் கொண்டக்டர். நாள் முழுக்கச் சனத்தோடு வாயாடுகிற தொழில், அதற்குக் காசும் தருகிறார்கள். கணக்கில் ஆட்டம் காண்பேனே தவிர, தமிழில் என்னை ஒருவரும் விழுத்த ஏலாது என்று நினைத்திருந்தேன். அதிலும் இந்தியத் தமிழ். வெளிவருகிற படமெல்லாம் பார்க்கிறவன் நான். எங்கள் ரைவர் கிண்ணியாக்காரர். அவரை நான் அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைக் குரங்கே என்பார். "இந்தியாவில கொண்டுபோய் விட்டாலும் நான் பிழைச்சுக்கொள்ளுவன் நானா" என்று அவரிடம் பீற்றியும் இருக்கிறேன்.

அம்மாவின் பின்னால் அவருடைய மனிசன் வந்தார். உயரமான, நரைத்த மீசைக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனை. மானைப் பார்க்கவேயில்லை. பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்சக்கரத்து ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "நம்ம ஊரு வண்டிதான்டி!" என்றார். அதென்னவோ உண்மைதான். எங்கள் பஸ் இந்தியாவில் செய்தது. அவர் அதை விசாரித்த விதத்தைப் பார்த்தால் வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்த தகப்பன் மாதிரி இருந்தது.

"எவ்வடம் போறியள் ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எங்கன்னு கேக்குறியா? கடைசி ஸ்டாப். போயிட்டு இதுலயே திரும்பிடுவோம். ராத்திரி ரயிலு. நாளைக்கு ஃப்ளைட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, இரகசியம் சொல்வது மாதிரி, "நானும் கண்டக்டர்தான் தம்பி. கவர்மெண்டு பஸ். இப்பத்தான் ரிட்டயர்டு," என்றார்.

வான் பிடிக்காமல், வழிகாட்டி பிடிக்காமல், கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து இங்கே என்று பஸ்ஸிலும் ரயிலிலும் இரண்டு பேருமாகச் சுற்றியிருக்கிறார்கள். கோணேசர் கோயில் நேற்று முடிந்ததாம். இன்றைக்குக் கடலோரமாக ஒரு பஸ் பயணம், அதோடு சரி.

அம்மா ஏறி, கடல் பக்கமாக இரண்டு பேர் இருக்கிற சீற்றில் யன்னலோரம் இருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் பையை வைத்தார். "ஏங்க, வாங்க" என்றார். ஐயா வரவில்லை. பின்கதவடியில், மிதிபலகையில், நான் நிற்கிற இடத்தில், என்னைவிட வடிவாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உள்ள போய் இருங்கோ," என்றேன்.

"இருக்கேன்பா," என்றார். நின்றார்.

உப்புவெளி தாண்டியது. நான் ரிக்கற் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஐயா அப்படியே நின்றார். இதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பையை வாங்கி உள்ளே கொடுத்திருந்தார், இரண்டு பேரை "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று தள்ளியும் விட்டிருந்தார். அவர்களும் போயிருந்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாத சனம்.

"ஐயா, சீற் இருக்கு. இருங்கோவன்."

"சரிப்பா, இருக்கேன், இருக்கேன். நீ உன் வேலையப் பாரு."

வாய் இருக்கிறேன் என்கிறது, கால் நிற்கிறது. இப்படி ஒரு ஆளை நான் கண்டதில்லை. இருக்க மாட்டேன் என்றால் விளங்கும். ஓம் என்று சொல்லிவிட்டு நின்றால் என்ன செய்வது? என்னை வைத்துப் பகிடி விடுகிறாரோ என்று சந்தேகம் வந்தது. பகிடி விடுவது என் வேலை. அதை இன்னொருவர் செய்தால் எனக்குத் தாங்காது.

முன்னுக்குப் போய் நானாவிடம் சொன்னேன்.

"டேய் குரங்கே, வயசான மனிசன். இருக்க ஏலாத இடத்தில ஏதும் வருத்தமாயிருக்கும். நாலு பேர் கேக்க வெளியில சொல்லுவாரே?" என்றார் நானா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது நியாயமாகப் பட்டது. அம்மாவின் சீற்றுக்குப் பக்கத்தில் போய், மெதுவாக, மரியாதையாகக் கேட்டேன்.

"அம்மா, ஐயாவுக்கு ஏதும் வருத்தமோ?"

அம்மா யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "அவருக்கு என்னப்பா வருத்தம்? வருத்தமெல்லாம் எனக்குத்தான்."

நான் திரும்பவும் முன்னுக்குப் போனேன். "நானா, ஐயாவுக்கு ஒண்டுமில்லை. அம்மாவுக்குத்தான் வருத்தமாம்."

"யா அல்லாஹ். அதை முதல்ல சொல்ல மாட்டியா?" என்று நானா வேகத்தைக் குறைத்தார். ஒரு குழியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாச்சியை ஏற்றிப் போவது மாதிரி பஸ்ஸை உருட்டினார். பின்னுக்கிருந்து ஒருவர், "என்ன, பஸ் நித்திரையோ?" என்று கத்தினார். "ஒரு அம்மாவுக்கு வருத்தம்!" என்று நான் கத்தினேன். உடனே மூன்று பேர் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள். ஒருவர் சித்தாலேப எடுத்துக் கொடுத்தார். அம்மா மூன்று போத்தலையும் ஒரு தைலப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் இவர்கள், ஏன் இப்படி என்று விழித்தார்.

"அம்மா, எவ்விடத்தில வருத்தம்?" என்றேன்.

"எந்த இடம்னு என்னத்தச் சொல்ல?" அம்மா மஞ்சள் பையைக் காட்டினார். "இந்த இடந்தான். இவரு பஸ்ல எத்தனை தடவை நான் ஏறியிருக்கேன் தெரியுமா? டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டு, 'உள்ள போம்மா'ன்னு போயிருவாரு. பொண்டாட்டின்னு கூடப் பாக்க மாட்டாரு. லீவு நாள்ல எங்கயாவது போனாலும் அந்த கண்டக்டரோட பேசிக்கிட்டு படியில நிப்பாரு. ரிட்டயர்டு ஆகட்டும், உன் பக்கத்துல உக்காந்து வர்றேன்னாரு. சரின்னு காத்துக்கிட்டிருந்தேன். ஃப்ளைட்டுல ஆளுக்கு ஒரு மூலையில சீட்டு. ரயில்ல இவரு சீட்ட யாருக்கோ குடுத்துட்டாரு. இங்க ஏறுன பஸ்ஸெல்லாம் படிதான். இதுதான்ப்பா கடைசி பஸ்ஸு. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. உக்காருவாரான்னு பாக்குறேன்."

எனக்கு விளங்கியது பாதி. வருத்தம் என்று எங்கள் ஊரில் சொல்வது காய்ச்சல், தடிமன், நெஞ்சுக்குத்து, இப்படி மருந்து குடித்தால் மாறுகிற சாமான். அம்மா சொன்னது கவலையை. ஆனால் தண்ணீர்ப் போத்தல்களைத் திருப்பி வாங்கிக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த நேரம் ஒரு அக்கா வெங்காய மூட்டையோடு அந்த சீற்றடிக்கு வந்தார். "இதில ஆரும் இருக்கினமோ?"

"ஆள் வர்றாங்க," என்றார் அம்மா.

அக்கா ஓடுகிற பஸ்ஸின் முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கயிருந்து?"

"அந்தா, கதவில தொங்குறார்," என்றேன் நான்.

"பையை வச்சு மனிசனுக்கு இடம் பிடிக்கிறா. அந்தாள் காத்து வாங்குது," என்று அக்கா மூட்டையின் மேலேயே இருந்துகொண்டார்.

நான் போய் ஐயாவிடம் கடைசித் தடவையாகச் சொன்னேன். இந்தத் தடவை கையால் சீற்றைக் காட்டியே சொன்னேன். "ஐயா, அம்மா பாவம். தயவுசெய்து இருங்கோ."

"அட, இருக்கேன்னு சொல்றேன்ல! எங்க போயிரப் போறேன்?" என்றார். அவருக்கும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முன்னுக்கு வந்துவிட்டேன்.

நிலாவெளியில் தேத்தண்ணிக் கடையடியில் பஸ் நின்றது. வெங்காய அக்கா இறங்க வேண்டும். நான் முன்கதவில் ஒருவருக்கு மிச்சக்காசு தேடிக்கொண்டிருந்தேன். பின்கதவால் ஐயா குதித்து இறங்கி, மூட்டையைப் பிடித்து இறக்கி, அக்காவையும் பார்த்து இறக்கிவிட்டு, வேறு ஆள் இல்லை என்று முன்னும் பின்னும் பார்த்து, பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றார்.

இரண்டு தட்டு என்றால் போ. எங்கள் ஊரிலும் அதுதான், அவருடைய ஊரிலும் இரண்டு விசில்தானாம். காலையிலிருந்து எங்கள் இரண்டு நாட்டுக்கும் இடையில் குழப்பம் இல்லாமல் நடந்த ஒரே ஒரு விஷயம் இதுதான். நானா பஸ்ஸை எடுத்தார். ஐயா ரோட்டில் நின்றார்.

முதலில் கண்டது அம்மா. கண்டதுகூட இல்லை, கேட்டது. "தம்பி, அது இவரு சத்தம்தான். ஆனா வெளியிலேர்ந்து வருதே?"

யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். ஐயா ஓடி வரவில்லை. பஸ் போவதையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை இன்னும் தட்டின மாதிரியே தூக்கி வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் இப்படி ஒரு கோணத்திலிருந்து பஸ்ஸைப் பார்த்ததே இல்லை என்பது மாதிரி நின்றார்.

நான் ஒரு தட்டுத் தட்டினேன். நானா ஓரங்கட்டினார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "அந்தாள் தானே ரைட் தந்திச்சு? இப்ப பின்னால மற்ற பஸ் வாறான். நான் இஞ்ச நிண்டா அவன் சனம் முழுக்க அள்ளிப்போட்டு போயிடுவான். அம்மாட்ட கேளு, என்ன செய்யிற எண்டு."

அம்மா மஞ்சள் பையை நேராக்கி வைத்தார். பிறகு, "போகட்டும்ப்பா. பின்னால வர்ற வண்டில வரட்டும்," என்றார். "என்னை ஏத்திவிட்டுட்டு ரைட் குடுத்திருக்காரு பாரு. குடுக்கட்டும்."

அந்தத் தேத்தண்ணிக் கடை முதலாளியின் நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்தேன்.

"அண்ணை, கடைக்கு முன்னால ஒரு இந்தியா ஐயா நிப்பார். உயரம், மீசை. பின்னால வாற பஸ்ஸில ஏத்தி விடுங்கோ. பஸ் வாறமட்டும் நிழலில இருக்கச் சொல்லுங்கோ."

"சொல்லிப்போட்டன்டா! கதிரையும் போட்டு 'இருங்கோ ஐயா, இருங்கோ' எண்டு கெஞ்சிறன். 'இருக்கேன், இருக்கேன்' எண்டுகொண்டு வெயிலுக்குள்ள மரம் மாதிரி நிக்கிறார். ஆளுக்குக் காது கேக்காதோ, இல்லை மண்டைப் பிழையோ?"

போன் சத்தமாக வைத்திருந்தேன். அம்மாவுக்கும் கேட்டது. அவருடைய முகம் முதலில் சுருங்கியது, பிறகு கண் பெரிதானது. என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

"அண்ணே, அவருகிட்ட 'உக்காருங்க'ன்னு சொல்லுங்க. உக்கா-ருங்க. அப்படியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் கடைக்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு, படத்தில் கதைப்பது மாதிரி, "ஐயா, உக்காருங்க" என்பது கேட்டது. ஒரு கதிரை இழுபடும் சத்தம். "ஐயையோ, இருந்திட்டார்!" என்றார் கடைக்காரர்.

அம்மா போனை என்னிடம் தந்தார். "தம்பி, எங்க ஊர்ல 'இருங்க'ன்னா வெயிட் பண்ணுங்க, அப்படியே நில்லுங்கன்னு அர்த்தம்ப்பா. நீ காலையிலேர்ந்து அவர நிக்கச் சொல்லிட்டு இருக்க."

நான் எத்தனை தரம் சொன்னேன், எப்படி எப்படிச் சொன்னேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டு வேறு நிற்கச் சொல்லியிருக்கிறேன். பாவம் மனிசன், அவரும் பொறுமையாக நிற்கிறேன், நிற்கிறேன் என்று எத்தனை தரம் சத்தியம் பண்ணினார்!

"நானா, எனக்குத் தமிழ் தெரியாது போல கிடக்கு," என்றேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றார் நானா.

இறக்கக்கண்டிப் பாலம் வந்தது. களப்புத் தண்ணீர் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். வெளிநாட்டுச் சனம் எல்லாம் யன்னலால் தலை நீட்டுகிற இடம். அம்மா ஒரு கையை மஞ்சள் பையின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். படம் எடுக்கவில்லை.

குச்சவெளியில் நாங்கள் போய் நின்று கொஞ்ச நேரத்தில் பின்னால் மற்ற பஸ் வந்தது. அதன் மிதிபலகையில் ஐயா. ஒரு கை கம்பியில், ஒரு கை காற்றில். "கடைசி ஸ்டாப்! எல்லாம் எறங்கு, எறங்கு!" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்த பஸ் கொண்டக்டர் பெடியன் உள்ளே ஒரு சீற்றில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவும் ஐயாவும் கடற்கரைப் பக்கம் போனார்கள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அம்மாவின் செருப்பில் மண் இருந்தது, ஐயா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பஸ் திரும்புகிற நேரம். அம்மா இப்போது கடல் பக்கம் மாறிவிட்டது என்று மற்றப் பக்கத்து சீற்றுக்குப் போய், யன்னலோரம் இருந்து, மஞ்சள் பையைப் பக்கத்தில் வைத்தார். ஐயா மிதிபலகையில் ஏறினார்.

எனக்கு இப்போது சரியான சொல் தெரியும். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஐயா, உக்காருங்க."

"பரவால்லப்பா. நிக்கிறேன்."

நான் குழம்பிப் போனேன். பூட்டும் சரி, திறப்பும் சரி, கதவு திறக்கவில்லை. "அப்ப காலமை நான் சொன்னது விளங்கியிருந்தா இருந்திருப்பியளோ?"

"நின்னிருப்பேன்," என்றார் ஐயா. பிறகு, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "உக்காந்தா என்ன பண்றதுன்னு தெரியலப்பா. கை சும்மா இருக்கும். யாரு ஏறுறா, யாரு எறங்குறான்னு முதுகுக்குப் பின்னாடி நடக்கும். வேர்த்துரும்," என்றார்.

பஸ் புறப்பட்டது. அம்மா மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சீற்றில் வைத்தார். பிறகு திரும்பவும் மடிக்கு. ஒருவர் வந்து, "இதில இருக்கலாமோ?" என்று கேட்டார். அம்மா இந்தத் தடவை ஆள் வருது என்று சொல்லவில்லை. யோசித்தார். அந்த யோசனையை என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணை, அது பழுதான சீற். பின்னுக்குப் போங்கோ," என்று நான் அந்த மனிசனைத் தள்ளிவிட்டு ஐயாவிடம் வந்தேன்.

"ஐயா, ஒரு தொழில் கதை. உங்கட பஸ்ஸில சீற் இருக்கத்தக்கதா ஒராள் மிதிபலகையில தொங்கினா என்ன செய்வியள்?"

அவருடைய முதுகு நிமிர்ந்தது. "ஒத்த விசிலு. வண்டி நிக்கும். 'மேல ஏறுங்க'ன்னு சொல்லுவேன்."

"ஏறாட்டில்?"

"ஏறுற வரைக்கும் வண்டி அசையாது. அவன் யாரா வேணா இருக்கட்டும்."

நான் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். நானா பிரேக் போட்டார். பஸ் களப்பு ஓரத்தில் நின்றது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஒரு கொக்கு மட்டும் எங்களைப் பார்த்தது.

"என்னடா, பஸ் பழுதோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

"இல்லை. ஒரு பயணி சீற் இருக்க வெளியில தொங்குறார். அவர் உள்ள போகுமட்டும் பஸ் அசையாது."

"டேய் குரங்கே, இது எந்த நாட்டுச் சட்டம்?" என்றார் நானா முன்னிருந்து.

"இந்தியாச் சட்டம் நானா!"

பஸ் முழுக்கத் திரும்பி ஐயாவைப் பார்த்தது. ஐயா என்னைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் ஆடியது. கோபமோ சிரிப்போ என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் கதவுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"டூட்டில இருக்குறவன் நீ," என்றார் கடைசியில். உள்ளே போனார். அம்மா பையை மடிக்கு எடுத்தார். ஐயா சீற்றின் ஓரத்தில், எந்த நேரமும் எழும்பலாம் என்பது மாதிரி, அரைவாசியாக இருந்தார். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். "போலாம், ரைட்!" பஸ் சிரித்தது.

அவர் இருந்த இருப்பை இருப்பு என்று சொல்ல ஏலாது. நானா பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய வலது காலும் நிலத்தை அழுத்தியது. ஒவ்வொரு தரிப்பிலும் தலை பின்கதவுக்குத் திரும்பியது. நிலாவெளித் தேத்தண்ணிக் கடையடியில் பஸ் நின்றதும், காலையில் இறங்கிய வெங்காய அக்கா வெறும் சாக்கோடு ஏறப் பார்த்தார். ஐயா முழுதாகவே எழும்பிவிட்டார்.

அம்மா அவருடைய சட்டை நுனியைப் பிடித்தார்.

"இருங்கோ," என்றார்.

அதை எங்கள் கடைக்காரர் இழுக்கிற மாதிரியே, கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னார். ஐயா திரும்பிப் பார்த்தார். இருந்தார். இந்தத் தடவை முதுகு சாய்த்து. கடையிலிருந்து முதலாளி, "ஐயா, ஒரு மாதிரி இருந்திட்டியள் போல!" என்று கத்தினார். ஐயா கையை மட்டும் ஆட்டினார், எழும்பவில்லை. அம்மா யன்னல் பக்கம் ஏதோ காட்டினார், அவர் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வரிசையில் ரிக்கற் எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

ரவுன் பஸ் நிலையத்தில் பஸ் நின்றது. சனம் இறங்கியது. நானா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்த இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். வெளியில் மான் திரும்பவும் வந்து சக்கரத்தடியில் நின்றது.

"ஐயா, கடைசித் தரிப்பு. இறங்குங்கோ," என்றேன்.

ஐயா யன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் உயர்த்தி, "இருப்பா," என்றார்.

நானும் முன் சீற்றில் இருந்தேன்.